அலமாரிக்கு மூக்கணாங்கயிறு

உறுமன் கரடி தன் குகையில் ஒரு புத்தக அலமாரி செய்து நிறுத்திவிட்டது! காடு முழுக்க இதே பேச்சு. பொழுது விடிந்ததுதான் தாமதம், யானை, காட்டெருமை, முயல், மயில் என்று ஒரு கூட்டமே குகை வாசலில் முண்டியடித்தது.

லேசுப்பட்ட அலமாரியா அது! சுத்தமான தேக்கு. இரண்டு கரடி உயரம். கீழே மூன்று இழுப்பறைகள், மேலே வரிசை வரிசையாகப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்களைக் கரையான் தொடாது. தொட்டால் உறுமன் கரையானைத் தின்றுவிடுமே! ஆறு மாதம் இழைத்து இழைத்துச் செய்த சாமான். பார்க்கப் பார்க்க உறுமனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"யாரும் கண்ணு வச்சிடாதீங்கப்பா!" என்றது.

"பார்க்க ஜோராத்தான் இருக்கு. கெட்டியா நிக்குமா?" என்று கேட்டது கொம்பன் யானை.

உறுமனுக்குச் சுருக்கென்றது. "என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! நீங்களே தள்ளிப் பாருங்க. அசைஞ்சா என் பேரை மாத்திக்கிறேன்!"

கொம்பன் நெற்றியை வைத்து ஒரு தள்ளுத் தள்ளியது. ஊஹூம்! காட்டெருமை மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளியது. இம்மியும் நகரவில்லை! கூட்டம் ஹோவென்று கத்தியது. உறுமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

அப்போது தரையோடு தரையாக ஒரு குரல் கேட்டது. "எல்லாரும் தள்ளிப் பார்த்தீங்க. யாராவது இழுத்துப் பார்த்தீங்களா?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஓட்டம்மாள் ஆமை! பேரில் மட்டும்தான் ஓட்டம். பக்கத்துக் குளத்திலிருந்து முந்தாநாளே கிளம்பி, இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

"அலமாரியை எவன்க்கா இழுப்பான்?" என்று சிரித்தது உறுமன்.

"உன் பொண்ணு இழுப்பா. பின்னால பாறை இருக்கு, தள்ளினா அது தாங்கிக்கும். முன்னால இழுத்தா எது தாங்கும்? இதுக்குப் பேரே இழுப்பறை, தம்பி! பிள்ளை இழுக்காம என்ன செய்யும்? உச்சியில ஒரு கயிறு போட்டுப் பாறையோட கட்டிடு."

"என் தேக்கு அலமாரிக்கு மூக்கணாங்கயிறா!" உறுமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இது என்ன மாடா, அவுத்துக்கிட்டு ஓட? அழகே கெட்டுப் போயிடும்க்கா!"

கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. உறுமனின் மனைவி தேனரசிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதன் முதுகில் தொற்றிக்கொண்டிருந்தது குட்டி குண்டுமணி. நடை பழகிப் பதினைந்து நாள்தான் ஆகிறது, அதற்குள் வீட்டில் ஏறாத இடம் இல்லை.

"அக்கா சொல்றது சரியாத்தான் படுது. நேத்து தண்ணிப் பானை மேலயே ஏறிட்டா. கட்டிடுங்களேன்!" என்றது தேனரசி.

"நீ வேற! பிள்ளைக்கு எட்டக்கூடாதுன்னுதானே தேன் குடுவையை அலமாரி உச்சியில வச்சிருக்கேன். அங்க என்ன வேலை அவளுக்கு?"

குண்டுமணி அந்தக் குடுவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வைத்த கண் வாங்காமல்!

"பந்தி தயார்!" என்று வெளியே முயல் கூவியது. அவ்வளவுதான், அலமாரியை மறந்துவிட்டு அத்தனை பேரும் வெளியே பாய்ந்தார்கள். இலுப்பைப்பூப் பாயசம் என்றால் சும்மாவா! ஓட்டம்மாளும் கிளம்பியது. கிளம்பி, அலமாரியைத் தாண்டவே பாவம் அரை நாள் ஆகும் போலிருந்தது.

உறுமன் கரண்டியும் கையுமாக உபசரித்துக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்திக்குங்கண்ணே!"

கிறீச்!

உறுமனின் காது விடைத்தது. தெரிந்த சத்தம். அடி இழுப்பறை!

கிறீச்! அது இரண்டாவது. கிறீச்! மூன்றாவது!

"தேனரசி! பிள்ளை எங்கே?"

"ஏன், உங்ககிட்ட இல்லையா? இறக்கி விட்டேனே!"

"உன் முதுகிலன்னுல்ல நினைச்சேன்!"

கரண்டி எங்கேயோ பறந்தது. உறுமன் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடியது.

மூன்று இழுப்பறைகளும் படிக்கட்டு போல நீட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவதின் மேல் குண்டுமணி! "இறங்கு தங்கம், இறங்கு!" என்று கீழே ஓட்டம்மாள் கெஞ்சிக்கொண்டிருந்தது. தங்கம் கேட்டால்தானே! புத்தகத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு எம்பு எம்பியது.

யானை தள்ளி அசையாத அலமாரி, அந்தப் பொடிசு இழுத்ததும் அசைந்தது! உச்சி மெல்ல முன்னால் வந்தது. குண்டுமணி பொத்தென்று தரையில் விழுந்தது. அலமாரி அதன் மேலேயே சாய்ந்தது!

உறுமன் பத்தடி தள்ளி நின்றது. எட்டாது! எப்படிப் பாய்ந்தாலும் எட்டாது!

அந்த நொடியில் ஒரு அதிசயம் நடந்தது. ஓட்டம்மாள் ஓடியது! பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஓடியது. இரண்டே அடிதான். குட்டியின் பக்கத்தில் போய்த் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

டமார்!

புத்தகங்கள் மழையாகக் கொட்டின. குடுவை சுக்குநூறாகியது. பிறகு சத்தமே இல்லை.

"ஐயோ, என் பொண்ணே!" என்று உறுமன் அலறியது. கொம்பன் ஓடிவந்து தும்பிக்கையால் அலமாரியைத் தூக்கியது.

அலமாரியை ஓட்டம்மாளின் ஓடு தாங்கிப் பிடித்திருந்தது. அந்த இடுக்கில், தலையெல்லாம் தேன் வழிய, குண்டுமணி உட்கார்ந்திருந்தது. கையை நக்கிக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சிரித்தது.

"அப்பா... இன்னும்! இன்னும்!"

உறுமன் அதை வாரி அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதது. தேனரசி பிள்ளையைப் பிடுங்கி, காலிலிருந்து தலைவரை தடவித் தடவிப் பார்த்தது.

ஓட்டின் ஓரம் கொஞ்சம் சிதைந்திருந்தது. ஓட்டம்மாள் மெல்லத் தலையை நீட்டியது. "நான் நல்லாத்தான் இருக்கேன். அழுதது போதும், கயித்தை எடுத்துட்டு வா தம்பி!"

அன்று சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. உச்சியில் முறுக்கு ஏறிய கொடியைக் கட்டி, பாறையோடு இறுக்கினார்கள். கனமான புத்தகங்கள் அடித்தட்டுக்கு வந்தன. இழுப்பறைகளுக்குக் கொக்கி மாட்டினார்கள், கூரான மூலைகளை முயல் கொறித்தே மழுக்கிவிட்டது. புதுத் தேன் குடுவை அலமாரிப் பக்கமே வரவில்லை.

"இப்ப தள்ளிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டது கொம்பன்.

"வேண்டாம்ண்ணே. நான் இழுத்துப் பார்க்கிறேன்!"

உறுமன் கொக்கிகளைக் கழற்றியது. நாலு காலில் தவழ்ந்து போய், மூன்று இழுப்பறைகளையும் திறந்து, மேல்தட்டைப் பிடித்துத் தொங்கியே விட்டது! கொடி விண்ணென்று நின்றது. அலமாரி அசையவில்லை. குண்டுமணி கைதட்டிச் சிரித்தது.

"எல்லாம் சரி. அசைஞ்சா பேரை மாத்திக்கிறேன்னு சொன்னியே. என்ன பேரு வைக்கலாம்?" என்று கொம்பன் கண்ணடித்தது.

உறுமன் இறங்கி வந்து குட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. "குண்டுமணி அப்பான்னு கூப்பிடுங்கண்ணே. அந்தப் பேரு எனக்கு நிலைச்சதே பெரிசு."

பிள்ளை நடமாடும் வீட்டில் அலமாரியைப் பெரியவராக நின்று தள்ளிப் பார்த்தால் போதாது. பிள்ளையாகத் தவழ்ந்து இழுத்துப் பார்த்து, இறுக்கிக் கட்டிய பிறகுதான் அதன் அழகை ரசிக்க வேண்டும்.