இடது கண்ணுக்குக் கீழே

“அக்கா, அழிச்சதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றான் ஆவுடையப்பன். கல்யாண ஆல்பங்களுக்கு முகம் திருத்துகிறவன். அந்த வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. அவனைவிட மூன்றே வயது மூத்தவள்.

“யாரை அழிச்சே?” என்றாள்.

“அம்மாவை.”

காலையில் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்க அம்மாவின் கையை விட்டவன்தான். திரும்பினால் அம்மா இல்லை. எழுபது வயது. ஒரு வருடமாக மறதி. பெயர் கேட்டால் சிரிப்பாள், ஊர் கேட்டாலும் சிரிப்பாள். இப்போது மணி மூன்று.

போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கேட்டார்கள். செல்போனில் இருந்ததைக் காட்டினான். ஏட்டையா படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அம்மா படத்தைக் கேட்டால் அக்கா படத்தைக் காட்டுகிறாயே என்றார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

எந்த முகம் கையில் கிடைத்தாலும் துடைத்துத்தான் வைப்பான். பழக்கம் அப்படி. பெற்றவளையும் விட்டுவைக்கவில்லை. சுருக்கத்தை எடுத்தான், மச்சத்தை எடுத்தான், போதாதென்று வெளுப்பாகவும் ஆக்கினான். இடத்தை அடைக்கிறதென்று அசல் படங்களை அன்றன்றே அழித்தும் விட்டான். மிச்சம் ஆதார் அட்டை. அதில் இருப்பது அம்மாவா அப்பாவா என்று சொல்வதே கஷ்டம்.

“மச்சத்தையாவது வரைஞ்சிடலாம்னு உக்காந்தேன்க்கா. எந்தக் கன்னம்னு தெரியல. பெத்த அம்மா. எனக்குத் தெரியல.”

மார்க்கெட்டுக்குப் பின்னால்தான் பைபாஸ் ரோடு. லாரிகள் நிற்காமல் போகிற ரோடு. அதைச் சொல்ல வாயெடுத்தவன் சொல்லப் பயந்து நிறுத்திக்கொண்டான்.

ஜெசிந்தா அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, அந்த வழவழப்பான படத்தைத் திறந்தாள்.

“அம்மா படம் வந்தா எங்கே அழிக்க ஆரம்பிப்பே?”

“இடது கண்ணுக்குக் கீழே, மச்சம்...”

சொன்ன வாய் அப்படியே நின்றது.

“அப்புறம்?”

“வலது புருவத்துல தழும்பு. தாளிக்கும்போது எண்ணெய் தெறிச்சது. அப்புறம் உதட்டோரத்துல மூணு கோடு. கழுத்து. கடைசியா நிறம்.”

“அதே வரிசையில போடு.”

போட்டான். அழித்து அழித்துப் பழகிய கைக்கு ஒவ்வொரு இடமும் தெரிந்திருந்தது. ஓரிடம்கூடத் தவறவில்லை.

அரை மணி நேரத்தில் திரையில் அம்மா வந்துவிட்டாள். இவ்வளவு கிழவியாகிவிட்டாளா என்று அவனுக்கு இன்னும் பயமாகிவிட்டது. இந்த வயதை வைத்துக்கொண்டா வெயிலில் தனியாக நடக்கிறாள்?

பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் துப்பத் தொடங்கியது. ஜெசிந்தா பசை டப்பாவையும் வண்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் நின்று, அந்தத் திருத்திய படம் வீட்டில் மாட்டியிருக்கிறதா என்று கேட்டாள்.

போன வருடம் அம்மா பிறந்தநாளுக்குப் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டியதாகச் சொன்னான்.

“பாத்துட்டு அம்மா என்ன சொன்னாங்க?”

ஆவுடையப்பன் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“யாருப்பா இந்தப் பொம்பளைன்னு கேட்டாங்க. மறதி வந்துடுச்சின்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்க்கா.”