பழகும் தேர்வு

ஆற்றங்கரை மருத மரத்தடியில் கொக்கு ஒரு வைத்தியப் பள்ளி நடத்தியது. அதன் வேலிக்கு வெளியே ஒரு முள்ளம்பன்றி எப்போதும் நின்றுகொண்டிருக்கும். உள்ளே பச்சிலை அரைக்கிற வாசனை வந்தால் மூக்கை வேலி இடுக்கில் நுழைத்து முகர்ந்து பார்க்கும். தானும் அங்கே உட்கார்ந்து அரைக்க வேண்டும். வேறு ஆசையே அதற்குக் கிடையாது.

சேர்க்கை நாள் வந்தது. மூலிகைத் தேர்வில் முள்ளம்பன்றி தேறிவிட்டது. மிச்சம் இருந்தது பழகும் தேர்வு. நோயாளியிடம் எப்படிப் பழகுகிறார்கள் என்று கொக்கு பார்க்கும். சிரித்தால் மதிப்பெண், தொட்டுத் தடவினால் இன்னும் கொஞ்சம்.

கால் சுளுக்கிய முயல் ஒன்றை நடுவில் படுக்க வைத்திருந்தார்கள்.

கிளி முதலில் போனது. "பயப்படாத கண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்று சிறகால் தடவியது. முயல் வாய் திறப்பதற்குள் கிளி கொக்கின் பக்கம் திரும்பிச் சிரித்தது. கொக்கு தலையாட்டியது.

முள்ளம்பன்றி எட்டவே உட்கார்ந்தது. "பக்கத்துல வந்தா குத்தும். எனக்குச் சிரிக்கவும் வராது. என்ன செய்யுது உனக்கு?"

முயல் ஏதோ சொல்ல வாயெடுத்தது.

"போதும்" என்றது கொக்கு. "தொடல, சிரிக்கல, ஒரு ஆறுதல் வார்த்தை இல்ல. நீ தேறல. கிளம்பு."

"ஊசி மட்டும் நிறைய வச்சிருக்கா" என்றது கிளி.

முள்ளம்பன்றி வேலியைத் தாண்டியது. பின்னால் யாரோ நொண்டி வரும் சத்தம் கேட்டது. முயல்!

"என்னக்கா, கேள்வி கேட்டுட்டு பதில் கேக்காம போறீங்க?"

"அவருதான் போகச் சொன்னாரு. நீ நடக்காத, உக்காரு. சொல்லு."

"கால் வலியைத் தாங்கிக்கலாம்கா. புதருக்குள்ள குட்டிங்க இருக்கு. நான் ஓட முடியாம போனா யாரு தீனி தேடுவா? நெனச்சா தூக்கமே வரல. யார்கிட்ட சொல்ல? எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்னுட்டுப் போயிட்டாங்க."

முயலைத் தேடி வந்த கொக்குக்கு இது காதில் விழுந்தது. காலையிலிருந்து அந்த முயல் அதன் கண் முன்னேதான் கிடந்தது. அதற்குக் குட்டிகள் இருப்பதே கொக்குக்குத் தெரியாது. முகம் சுருங்கிப் போனது.

"முள்ளம்பன்றி, உள்ள வாம்மா. உனக்கு இடம் உண்டு."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை காலம் ஏங்கியது! முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. ஆனாலும் முள்ளம்பன்றி எழுந்திருக்கவில்லை.

"இருங்கய்யா" என்றது. "இவ இன்னும் சொல்லி முடிக்கல."

வாய் நிறைய ஆறுதல் சொல்வதைவிட, காது கொடுத்துக் கேட்பதே நோயாளிக்கு முதல் மருந்து.