கண்ணாடியில் ஒரு மேடு

கிட்டுசாமிக்குச் சோறு போட்டதே சந்தேகம்தான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவில், முப்பத்து மூன்று வருஷம். டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்துப் போட்டு ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார். பழுது இருக்கிற இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். நல்ல பனியன் என்று ஒன்று உண்டு என்பதையே அவர் நம்பியதில்லை. பழுது இன்னும் கண்ணில் படாத பனியன், அவ்வளவுதான்.

ஆள் ரிடையர் ஆனார். புத்தி ஆகவில்லை. பால்காரர் ஊற்றும் பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மருமகன் பாசமாகப் பேசினால், "எதுக்கு இப்ப இந்தக் குழையல் குழையறான்?" என்று பெண்சாதியிடம் கேட்பார். அந்த அம்மாள் பாவம், பதில் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஐம்பத்தொன்பதாம் வயதில் ஓர் ஆசை வந்தது. ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் தொலைநோக்கி வைத்து சனிக்கிரகம் காட்டினார்கள். வரிசையில் நின்று கண்ணை வைத்தார். வளையம் அப்படியே தெரிந்தது.

"உள்ளார படம் ஏதாச்சும் ஒட்டி வெச்சிருக்கீங்களா?" என்றார்.

தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்ற பெண் கோபிக்கவில்லை. "நீங்களே ஒண்ணு செஞ்சு பாத்துருங்ணா. அப்பறம் யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்றார்.

அவர்தான் நூர்ஜஹான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமையானால் தொலைநோக்கி செய்யச் சொல்லிக் கொடுப்பார். குருவுக்கு முப்பத்து நாலு வயது. சிஷ்யருக்கு ஐம்பத்தொன்பது. ஊர் சிரித்தது. கிட்டுசாமி அதைப் பொருட்படுத்தவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார்.

வகுப்பு நடப்பது ஒரு பட்டன் கடைக்கு மேல்மாடி ஹாலில். அந்த ஹாலில் கிழமைக்கு ஒரு கிறுக்கு. திங்கட்கிழமை புத்தகக்காரர்கள் கூடுவார்கள். படித்த புத்தகத்துக்கு ஒரு சண்டை, படிக்காத புத்தகத்துக்கு இரண்டு சண்டை. செவ்வாய் புல்லாங்குழல். புதன் திலகராணியின் ஆரி வேலை வகுப்பு. மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ரவிக்கைக்கு மணியும் சரிகையும் தைப்பார்கள். வியாழன் படம் வரைகிறவர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு மர அலமாரி, அதற்குப் பூட்டு கிடையாது. ஹால் சாவி மட்டும் ஆளுக்கொன்று இருந்தது. எல்லாரும் நல்லவர்கள் என்ற நம்பிக்கையில் ஓடுகிற இடம். கிட்டுசாமி முதல் நாளே அலமாரிக் கதவை நாலு தடவை இழுத்துப் பார்த்தார்.

வேலை இதுதான். ஆறு அங்குல வட்டக் கண்ணாடிகள் இரண்டு. நடுவில் அரைப்பொடி தூவி ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தேய்க்க வேண்டும். மாசக்கணக்கில் தேய்த்தால் மேலே இருப்பது குழிந்துவரும். பிறகு தார் பூசிய வட்டத்தில் மெருகேற்ற வேண்டும். கடைசியில் வெள்ளி மாதிரி முலாம் பூசினால், வானத்தை அள்ளிக் காட்டும்.

அதற்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. ஜன்னலையெல்லாம் சாத்தி, கண்ணாடிக்கு எதிரே ஊசித்துளை போட்ட விளக்கை வைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு ஷேவிங் பிளேடை மெல்ல நகர்த்த வேண்டும். கண்ணாடி முழுக்க ஒரே சாம்பல் நிறமாக மங்கினால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கேயாவது மேடோ குழியோ இருந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறு போட்டு அதில் ஒரு கூறு இருந்தால்கூடத் தெரியும்.

கிட்டுசாமிக்குச் சொர்க்கம் கிடைத்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு செக்கிங்கை அவர் கனவிலும் கண்டதில்லை.

ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மெருகு முடிந்ததும் நூர்ஜஹான் சொல்லுவார்: "கண்ணாடிய ஸ்டாண்டுல வெச்சுட்டு எல்லாரும் சாப்பிடப் போங்க. ரெண்டு மணி வரைக்கும் யாரும் தொட வேண்டாம்."

"ஏனுங்க அம்மணி?"

"ஆறணுங்ணா."

ஆறுவதற்கு இதென்ன வடிச்ச சோறா? பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு இந்த அம்மணி என்ன செய்கிறார்? கிட்டுசாமி கீழே போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு, யாரும் பார்க்காமல் மாடியேறி வந்தார். ஹாலில் ஒருவரும் இல்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது.

வந்ததுதான் வந்தோம் என்று தன் கண்ணாடியை எடுத்தார். இடது கையை அடியில் கொடுத்து, வலது கையால் ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டாண்டில் திரும்ப வைத்து, ஜன்னலைச் சாத்தி, பிளேடு வழியாகப் பார்த்தார்.

வலது ஓரத்தில் ஒரு மேடு!

கண்ணாடியின் முதுகில் அந்த இடத்துக்கு நேராக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினார். மேடு இருந்த இடத்தைத் தார் வட்டத்தில் அழுத்தித் தேய்த்தார். மேடு போயிற்று. இரண்டு மணிக்கு நூர்ஜஹான் வந்து, "பாத்தீங்களாண்ணா, எப்படி இருக்குது?" என்று கேட்டபோது, "எல்லாஞ் சரியா இருக்குதுங்க" என்றார். அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

அடுத்த ஞாயிறு காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைப் பார்த்தார். போன வாரம் மேடு எடுத்த அதே இடத்தில் ஒரு குழி!

வழவழவென்று வைத்துவிட்டுப் போன கண்ணாடி. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சுற்றிலும் தேய்த்து அந்தக் குழியைச் சரிக்கட்டினார். மத்தியானம் ரகசியமாக வந்து பார்த்தால், மறுபடியும் மேடு. எடுத்தார். அடுத்த வாரம் மறுபடியும் குழி. இப்படி ஐந்து ஞாயிறு போயிற்று, ஐந்து ஸ்டிக்கரும் ஆயிற்று. எட்டு மாச உழைப்பு. குழி இன்னும் ஆழமானால் அரைப்பொடியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

ஆளைப் பிடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்து, அலமாரிக் கதவின் இடுக்கில் ஒரு வெள்ளை நூலைக் குறுக்கே ஒட்டி வைத்தார். வியாழக்கிழமை காலை வந்து பார்த்தால் நூல் அறுந்து கிடந்தது. வியாழனுக்கு முந்தின நாள் புதன். புதன் என்றால் திலகராணி. அந்த அம்மாள் ஒரு தடவை இவர் கண்ணாடியைப் பார்த்து, "நல்ல கனமா இருக்குதுங்களே! டிசைன் பேப்பர் பறக்காம மேல வெச்சுக்கலாமாட்ட இருக்குது" என்று சிரித்ததும் ஞாபகத்துக்கு வந்தது.

அதே அலமாரியில்தான் திலகராணியின் மணி டப்பாக்களும் இருந்தன. கதவைத் திறக்காமல் அவற்றை எப்படி எடுப்பார் என்று அவர் யோசிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை, பத்துப் பன்னிரண்டு பெண்கள் சட்டத்தின் மேல் குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோது, கிட்டுசாமி நேராக உள்ளே போய் நின்றார்.

"ஏனுங்க, எங் கண்ணாடிய எடுத்து என்ன பண்ணுனீங்க?"

திலகராணிக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கண்ணாடிங்க?"

"தெரியாதாட்டப் பேசாதீங்க. அஞ்சு வாரமா பாத்துட்டிருக்கறேன். எம் பொருள் மேல கை வெச்சது நீங்கதான்."

ஊசிகள் எல்லாம் நின்றுவிட்டன. திலகராணியின் முகம் செத்துப்போயிற்று.

"நாலு வருசமா இந்த ஹாலுக்கு வந்துட்டிருக்கறனுங்க. இப்படி ஒரு பேச்சு எங்க வீட்டாளுககிட்டக்கூட நான் வாங்குனதில்ல" என்றார். மணி டப்பாக்களைப் பையில் போட்டார். பெண்கள் பாதித் தையலோடு சட்டங்களைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் படியிறங்கினார்கள்.

வெறிச்சென்ற ஹாலில் கிட்டுசாமி நின்றார். பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவேண்டுமே, வரவில்லை. 'பதில் சொல்லாம போறாங்கன்னா என்ன அர்த்தம்?' என்று தனக்குத்தானே கேட்டுத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிறு காலை நூர்ஜஹான் மற்றவர்களை மொட்டைமாடிக்குத் தொலைநோக்கிக் குழாய் அளக்க அனுப்பிவிட்டு, அவரை மட்டும் உட்கார வைத்தார்.

"திலகராணியக்கா ஹால் சாவியக் கொண்டாந்து எங் கடையில வெச்சுட்டுப் போயிட்டாங்க. என்னாச்சுங்ணா?"

கிட்டுசாமி எல்லாவற்றையும் கொட்டினார். மத்தியானம் மாடியேறி வந்தது, மேடு, குழி, நூல், எதையும் விடவில்லை. பேசப் பேசச் சூடேறியது. "உங்க மேலயுந்தான் அம்மணி எனக்குச் சந்தேகம். எதுக்கு எங்கள வெளிய போகச் சொல்றீங்க?" என்றும் கேட்டுவிட்டார்.

நூர்ஜஹான் கிட்டுசாமியின் கண்ணாடியை எடுத்துத் திருப்பி முதுகைப் பார்த்தார். ஐந்து அம்புக்குறிகளும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அதைக் கீழே வைத்துவிட்டு, தன்னுடைய கண்ணாடியைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் வைத்தார். மெருகு முடிந்து, முலாம் பூச அனுப்ப வைத்திருந்தது. ஜன்னல்களைச் சாத்தினார்.

"பாருங்ணா."

கிட்டுசாமி பிளேடில் கண்ணை வைத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பத்து நிமிஷம் ஆயிற்று.

"பழுது இருக்குதுங்களா?"

"இல்லீங்க." இந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"உங்க வலது கட்டைவிரல அது மேல வெய்ங்க. இருவது எண்ணுங்க."

"அழுக்காயிருமுங்க."

"துடைச்சுக்கலாம். வெய்ங்க."

வைத்தார். இருபது எண்ணினார்.

"இப்பப் பாருங்க."

பார்த்தவர் துள்ளி விழுந்தார். "அம்மணி! மேடு! உங்க கண்ணாடியிலயும் மேடு!" அவர் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. "அந்தத் தார் வட்டத்த இப்படிக் குடுங்க. நான் தேய்ச்சு எடுத்துப் போடறேன்."

"தேய்க்க வேண்டாம். பாத்துட்டே இருங்க."

பார்த்தார். மேட்டின் நிழல் மெல்லத் தணிந்தது. கண் எடுக்காமல் இருந்தார். இன்னும் தணிந்தது. கீழே பட்டன் கடையில் யாரோ கறுப்புப் பட்டன் ஒரு கிலோ கேட்டுப் பேரம் பேசி முடிக்கும்வரை பார்த்தார். கண்ணாடி முழுக்கப் பழையபடி ஒரே சாம்பலாக இருந்தது.

அவர் பிளேடிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தேய்ச்சிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"விரல் சூட்டுல உப்புனதத் தேய்ச்சு எடுத்திருந்தா, ஆறுனதுக்கப்பறம் அந்த எடத்துல குழி விழுந்திருக்கும்."

கிட்டுசாமி எழுந்தார். தன் கண்ணாடியை எடுத்தார். எப்போதும் பிடிக்கிற மாதிரி இடது கையை அடியில் கொடுத்து, வலது கையால் ஓரத்தைப் பிடித்தார். பிடித்தபடியே முதுகைத் திருப்பிப் பார்த்தார். வலது கட்டைவிரல் பதிந்திருந்த இடத்துக்கு நேர் பின்னால் ஐந்து அம்புகளும் இருந்தன. கொள்ளிக்கட்டையைத் தொட்டவர் போல அதைக் கீழே வைத்தார்.

"முப்பத்து மூணு வருசத்துல நான் ஒட்டுன ஸ்டிக்கர் ஒண்ணு தப்பாப் போனதில்லீங்க" என்றார் கிட்டுசாமி. "மேடு இருந்தது நெசமுங்க. நான் பொய் சொல்லல."

"நெசந்தாங்ணா."

"அப்பறம் குழியும் நெசமுங்க."

"அதுவும் நெசந்தான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கண்ணாடி போனாப் போகட்டும் அம்மணி. இன்னொரு எட்டு மாசம் தேய்ச்சுக்கறேன். அந்தப் பொம்பள மொகம் செத்துப்போச்சுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா திரும்ப வந்துருவாங்க."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க போங்க."

"போயி என்னன்னு சொல்றது?"

"இங்க பாத்ததச் சொல்லுங்க. அத்தன பேரு முன்னால கேட்டீங்க. அத்தன பேரு முன்னாலயே சொல்லுங்க."

கிட்டுசாமி செருப்பை மாட்டினார். படி வரைக்கும் போனார், நின்றார், திரும்பி வந்தார்.

"சரிங்கன்னு வாயில சொல்லிப்போட்டு மனசுல வெச்சிருந்தாங்கன்னா? எப்படிக் கண்டுபிடிக்கறது? நான் வேணும்னா ரெண்டு நாளைக்கு ஒருக்கா போயி, கோவம் போயிருச்சான்னு பாத்துட்டு வரட்டுங்களா?"

நூர்ஜஹான் தன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"சொல்லிப்போட்டு வந்துருங்ணா. தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க."