அரியாயி சொல்லாமல் விட்டது

கேளுங்கள் அம்மாமாரே, ஐயாமாரே. மடியில் பிள்ளை இருந்தால் அதுவும் கேட்கட்டும். அப்போது எந்த ராஜா ஆண்டான் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். ஆற்றுக்கு இந்தக் கரையில் நாணல்குடி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் அரியாயி என்று ஒருத்தி இருந்தாள்.

அவள் புருஷன் இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள், பெயர் செவந்தி. சொத்து என்று பார்த்தால் கையகல நிலம், ஒரு கூரைவீடு, நெல் போட்டுவைக்க ஒரு மண்குதிர். அவ்வளவுதான். ஆனால் அரியாயிக்குத் தெரியாத வீட்டு உபாயம் கிடையாது. வாழைப்பூ கறுக்காமல் நறுக்க ஒரு வழி வைத்திருப்பாள். இடுப்புக் குடத்துத் தண்ணீர் தளும்பாமல் வர ஒரு வழி. வீங்கின விரலில் மாட்டிய மோதிரத்தை நூலைச் சுற்றிக் கழற்ற ஒரு வழி.

"அரியாயிக்கா, இதுக்கு என்னதான் பண்றது?" என்று யாராவது வாசலில் வந்து நிற்க வேண்டும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பொங்கல் பானை பொங்கினதுபோல இருக்கும்.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட குணம். கேட்டவர்களை அவள் திருப்பி அனுப்பியதில்லை. சொல்லுவாள். ஆனால் நாலு சொல்ல வேண்டிய இடத்தில் மூன்று சொல்லிவிட்டு ஒன்றை விழுங்கிவிடுவாள். பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நாளைக்கு நம் வாசலுக்கு யார் வருவார்கள் என்கிற பயம். ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

பக்கத்து வீட்டில் மூக்காயி என்று ஒரு வெள்ளந்தி இருந்தாள். ஒருநாள் ஓடிவந்தாள். "அக்கா, சம்பந்தி வீட்டார் சாப்பிட வராங்க. குழம்புல உப்பு கரிக்குது. என்ன செய்யட்டும்?"

"சோத்தை உருண்டை பிடிச்சு உள்ள போடு. உப்பை இழுத்துக்கும்."

"வேற ஏதாச்சும் உண்டா அக்கா?"

"அவ்வளவுதான் போடி."

உருண்டையைத் துணியில் முடிந்து போட வேண்டும் என்பதை அரியாயி சொல்லவில்லை. சோறு கரைந்து குழம்பு கஞ்சியாகிவிட்டது. வந்த சம்பந்தி வீட்டார் சிரித்துவிட்டுப் போனார்கள். "எல்லாத்துக்கும் கைப்பக்குவம் வேணும்டி" என்றாள் அரியாயி. மூக்காயியும் அதை நம்பினாள்.

இன்னொரு நாள் வந்தாள். "தங்கச்சி கல்யாணத்துக்குச் செம்புக்குடம் சீர் வைக்கணும் அக்கா. பளபளன்னு ஆக்கணும்."

"புளியும் உப்பும் போட்டுத் தேய்."

"வேற ஏதாச்சும் உண்டா?"

"அவ்வளவுதான் போடி."

தேய்த்த கையோடு கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். அதை விழுங்கிவிட்டாள். புளியோடு கிடந்த குடம் விடிவதற்குள் பச்சை பூத்துப்போனது. "எனக்குக் கைராசி இல்லக்கா" என்று மூக்காயி அழுதாள். அரியாயி தன் குடத்தையே எடுத்துச் சீருக்குக் கொடுத்தனுப்பினாள். ஊரெல்லாம் அவளைப் புகழ்ந்தது. பாருங்கள், கொடுக்கிற மனசும் அவளிடம்தான் இருந்தது.

செவந்தி அக்கரையில் வாகைமேட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாய்வீட்டில் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதம் ஆண்குழந்தையோடு புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது கேட்டாள்: "ஆத்தா, போன வருசம் மழை இல்லாம எங்க ஊர் காஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கிற விதைநெல்லு கொஞ்சம்தான். அரியாயி மகளாச்சேன்னு விதைப்பு வரைக்கும் அதைக் கெடாமக் கட்டிவெக்கிற வேலையை என்கிட்ட விட்டிருக்காங்க. உன் முறையைச் சொல்லிக்குடேன்."

அரியாயி மகளின் கன்னத்தைத் தடவினாள். "நானே வந்து கட்டி வெச்சுத் தரேன்டி. எல்லாம் சொல்லிட்டா அப்புறம் ஆத்தாவை எங்க தேடுவே?"

போகத்தான் இருந்தாள். ஆனால் வரப்பில் வழுக்கிக் கால் பிசகிவிட்டது. படுத்துக்கிடந்த அவளைப் பார்க்க மூக்காயி வந்தாள். "எங்க விதைநெல்லையும் உன் முறையில வெக்கலாம்னு இருக்கேன் அக்கா. சொல்லு."

"மூணு நாள் நல்ல வெயில்ல காயவை. வேப்பிலையும் நொச்சியும் போடு. குதிர் வாயைச் சாணி மெழுகி மூடு."

"வேற ஏதாச்சும் உண்டா?"

"அவ்வளவுதான் போடி."

காய்ந்த நெல்லை ஒரு ராத்திரி நிழலில் ஆறவிட்டுத்தான் உள்ளே கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். வேர்த்தால் முளை செத்துப்போகும். அந்த ஒன்றைத்தான் சொல்லவில்லை.

மூக்காயிக்கு வாயில் எதுவும் நிற்காது. அந்த வாரச் சந்தையிலேயே அக்கரைப் பெண்களிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். ஒன்று விடாமல் என்றால், அவள் கேட்டதில் ஒன்று விடாமல்.

பத்து நாள் கழித்துப் பரிசல்காரர் வந்து வாசலில் நின்றார். மூக்காயி அப்போது அரியாயியின் காலுக்கு எண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தாள்.

"உம்மக சொல்லியனுப்புச்சு அக்கா. நீ கால் நோவோட வர வேண்டாமாம். உன் முறை சந்தை வழியா வந்துருச்சாம். ஊர் விதை மொத்தமும் அதுபடியே போட்டு மூடியாச்சாம். 'எங்க ஆத்தா சொன்னது'ன்னு ஊருக்கெல்லாம் சொல்லி ஒரே பெருமை."

அரியாயி நீட்டியிருந்த காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குதிர் வாயை உடைத்து, நெல்லைக் கொட்டி ஆற்றினால் இப்போதும் தப்பித்துக்கொள்ளும். ஒரு வார்த்தை போதும். ஆனால் மூக்காயி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வார்த்தையைச் சொன்னால் குழம்பும் தெரிந்துபோகும், குடமும் தெரிந்துபோகும்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா அக்கா?" என்றார் பரிசல்காரர்.

என் மகளாச்சே, அவளுக்கே தோன்றி ஆறவிட்டிருப்பாள் என்று அரியாயி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"பிள்ளையைப் பத்திரமாப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள். "அவ்வளவுதான்."

அடி பாவி மகளே! இத்தனை காலம் கழித்துச் சொல்லும்போதும் எனக்கு இந்த இடத்தில் ஆத்திரம் வருகிறது.

ஆடியில் மழை இறங்கியது. ஒரு வருஷம் வராத மழை சேர்ந்து வந்தது. ஆறு கரை புரண்டு ஓட, இரண்டு மாதம் பரிசல் போகவில்லை. நாணல்குடியில் எல்லோரும் விதைத்தார்கள். மூக்காயி நிலத்தில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. அரியாயி தன் குதிரிலிருந்து அள்ளிக் கொடுத்தாள். ஆற்றங்கரைக்குப் போய் அக்கரையைப் பார்ப்பாள், வருவாள். மறுபடி போவாள்.

வெள்ளம் வடிந்ததும் அக்கரை ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். கண்கள் குழிந்து கிடந்தன. ஒருத்தி மூக்காயியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அரியாயி முறைல வெச்ச விதை தாயி. மூணு தடவை தூவினோம். ஒண்ணுகூடக் கண் திறக்கல. பூசணம் பூத்து உள்ளுக்குள்ளயே செத்துப்போச்சு. வரப்போற விளைச்சலை நம்பிக் கடனா நெல்லு குடுத்தவங்களும் கையை விரிச்சுட்டாங்க."

அரியாயி அதற்குமேல் கேட்கவில்லை. இருந்த விதையெல்லாம் கூடையில் கொட்டினாள். பேரனுக்கென்று முடைந்து வைத்திருந்த ஓலைக் கிலுகிலுப்பையை அதன்மேல் வைத்தாள். நொண்டிக்கொண்டே போய்ப் பரிசல் ஏறினாள்.

வாகைமேட்டில் பாதி வீடுகளில் அடுப்பே புகையவில்லை. செவந்தி வீட்டு நடுவில் தூளி தொங்கியது. உள்ளே பிள்ளை இல்லை. செவந்தி அதன் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"பால் வத்திப்போச்சு ஆத்தா" என்றாள். "அவுக தெக்கால வேலை தேடிப் போயிட்டாக. எல்லாரும் என்னையும் கிளம்பச் சொன்னாங்க. என்னை நம்பிக் குடுத்த விதையாச்சே, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கிளம்புவேன்?"

அரியாயி கூடையை இறக்கி வைத்தாள். கிலுகிலுப்பை உருண்டு விழுந்து ஒருமுறை சத்தம் போட்டது.

செவந்தி விரல் விட்டு எண்ணினாள். "மூணு நாள் காயவெச்சேன். வேப்பிலை போட்டேன், நொச்சி போட்டேன். என் கையாலயே சாணி மெழுகினேன். நீ சொன்னதுல ஒண்ணையும் நான் விடல. வேற ஏதாச்சும் உண்டா ஆத்தா?"

பஞ்சம் என்று சொல்லியிருக்கலாம், தலையெழுத்து என்று சொல்லியிருக்கலாம். கேட்க அங்கே வேறு யாரும் இல்லை. ஆனால் இந்தத் தடவை அரியாயியால் விழுங்க முடியவில்லை.

"ஒரு ராத்திரி நிழல்ல ஆறவிடணும்டி" என்றாள். "நான்தான் சொல்லல."

செவந்தி தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலே தூளியைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அரியாயி தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு அழுதாள். செவந்தி அழவில்லை. எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனாள். அந்த விதை முளைத்தது. போன ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், புருஷனும் வந்தான். எல்லாம் வந்தது. ஆனால் செவந்தி அதன்பிறகு அரியாயியை ஒருநாளும் ஆத்தா என்று கூப்பிடவில்லை.

அரியாயி முதலில் மூக்காயி வீட்டுக்குத்தான் போனாள். துணியில் முடிந்து போடுவதைச் சொன்னாள். ஈரம் துடைப்பதைச் சொன்னாள். அப்புறம் ஆற்றுத் துறையில் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர், போகிறவர், கேட்டவர், கேட்காதவர், எல்லோருடைய கையையும் பிடித்துக்கொள்வாள். "ஆறவிடுங்க, ஒரு ராத்திரி ஆறவிடுங்க" என்பாள். சிலர் பைத்தியம் என்று கையை உதறிவிட்டுப் போனார்கள். சாகும் மட்டும் அவள் ஒரு வழியையும் பாதியாகச் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் அவளைத் தேடித் தினமும் வந்தவள் ஒருத்திதான், அந்த வெள்ளந்தி மூக்காயி.

இந்தக் கதை சொல்லும் நீதி இது: பிறருக்கு ஒரு வழியைச் சொல்லித் தந்தால் முழுதாகச் சொல்லித் தர வேண்டும், ஏனென்றால் பாதியை ஒளித்துச் சொன்ன நல்ல வழி யார் வீட்டுத் தூளியைக் காலியாக்கும் என்று சொன்னவருக்கே தெரியாது.