வெள்ளித் தகடும் ஏழு ரப்பர் பேண்டும்

வெள்ளியின் மேல் ஒளியை நடக்கவிடுகிற ஆசிரியை ஒருவர் இருந்தார். பெயர் பிரிசில்லா, வயது முப்பத்து நான்கு. அவரிடம் படிக்க வந்த தணிகாசலத்துக்கோ நாற்பத்தாறு. அரசுக் கல்லூரியில் இருபது வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு, விடுப்புப் போட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். ஆசிரியை மாணவரை சார் என்பார். மாணவர் ஆசிரியையை மேடம் என்பார்.

ஒளி கண்ணாடியில் பட்டால் திரும்பும், அது நமக்குத் தெரியும். ஆனால் வெள்ளியைத் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பூசி, அதில் கணக்காகக் கோடு கீறி வைத்தால் ஒளி திரும்பாது. உலோகத்தின் தோலோடு ஒட்டிக்கொண்டு அலையாக ஓடும். பாதையை வளைத்தால் தானும் வளையும். கடைசிக் கோட்டில் ஏறிவந்து சிவப்பாக ஒரு பொட்டு வைக்கும். மொத்தப் பயணமும் ஒரு முடியின் அகலம்கூட இராது.

அந்தப் பொட்டைக் காட்டினால் தணிகாசலம் டாக்டர். காட்டாவிட்டால், மூன்று முறை நீட்டிய கெடுவும் முடிந்து வெறுங்கையோடு கல்லூரிக்குத் திரும்ப வேண்டியதுதான். வியாழக்கிழமை ஆய்வைப் பார்க்கும் குழு வருகிறது.

இப்படி வெள்ளி பூசிய தகட்டை வெளியூர் ஆய்வுக்கூடத்தில்தான் செய்ய முடியும். நான்கு மாதம் காத்திருந்து, நேரில் போய் வாங்கினார். ரயில் கிளம்பியதும் பயம் பிடித்துக்கொண்டது. குட்டிப் பெட்டியின் மூடி குலுக்கலில் திறந்துகொண்டால்? ஒரு ரப்பர் பேண்டு போட்டார். அது அறுந்தால்? இன்னொன்று. தூசி போனால்? பெட்டியை எவர்சில்வர் சம்புடத்துக்குள் வைத்து இறுக மூடி, மடியிலேயே வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். எதிர் இருக்கை அம்மாள் மெதுவாகக் கேட்டாளாம், “யாரோட அஸ்தி தம்பி, ராமேஸ்வரத்துக்கா?”

சனியும் ஞாயிறும் சம்புடம் பீரோ மேல் இருந்தது. வீட்டில் யாரையும் அந்த அறைக்குள் விடவில்லை.

திங்கள் காலை நுண்ணோக்கியில் தகட்டை ஏற்றினார்கள். சிவப்பு லேசர் முதல் கோட்டில் விழுந்தது. கடைசிக் கோடு இருட்டு. தணிகாசலம் தகட்டை நகர்த்திப் பார்த்தார், லென்சைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவர் காலர் நனைந்துவிட்டது.

பிரிசில்லா தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு படர்ந்திருந்தது.

தணிகாசலமாகவே பேச ஆரம்பித்தார். அங்கேயே பூச்சு சரியில்லை, பூசிக் கொடுத்த லோகிதாசன் அன்றைக்கு ஏதோ அவசரத்தில் இருந்தார், தனக்கு அப்போதே சந்தேகம்தான் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜம்போலப் பட்டது.

ஆசிரியை மடிக்கணினியைத் திறந்தார்.

“புகார் அனுப்பிடலாம் சார். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.”

தேதி சொன்னார். தகட்டு எண் சொன்னார். பூசியவர் பெயர் சொல்லும்போது குரல் இறங்கியது. லோகிதாசன் ஒப்பந்த ஆள், ஒரு புகார் போதும் வேலை போக. கேட் வரைக்கும் வந்து டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பியவர்.

“வாங்கினதுக்கு அப்புறம் எப்படி வச்சிருந்தீங்கன்னு ஒரு கட்டம் இருக்கு.”

“பத்திரமாத்தான் வச்சிருந்தேன்.”

“எப்படின்னு கேக்குது, சார்.”

தணிகாசலம் பையிலிருந்து சம்புடத்தை எடுத்து மேஜையில் வைத்துத் திறந்தார். ரப்பர் வாடை குப்பென்று வந்தது.

“ஏழா?”

“மூடி தொறந்துக்குமோன்னு பயம் மேடம்.” மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். “ரப்பர்ல கந்தகம் இருக்கு. வெள்ளியை அது கறுக்க வச்சிடும். ரெண்டையும் ஒண்ணா வைக்கக் கூடாதுன்னு பசங்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கேன்.”

ஆசிரியை தலையசைத்தார். திட்டவில்லை. அடித்த வரிகளைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். லோகிதாசன் பெயர் கடைசியாகப் போயிற்று.

வியாழக்கிழமை என்ன காட்டுவது என்று தணிகாசலம் கேட்டார். இருக்கிறதைக் காட்டுங்கள், சம்புடத்தையும் கொண்டு வாருங்கள் என்றார் ஆசிரியை. இன்னும் நான்கு மாதம் தான் கேட்டுப் பார்ப்பதாகவும், குழு கொடுத்தாலும் கொடுக்கும், கொடுக்காமலும் போகும் என்றும் சொன்னார். எதற்கும் புதுத் தகட்டுக்கு இன்றைக்கே எழுதிப் போட்டுவிட வேண்டும்.

தணிகாசலத்துக்கு நாலு மாதம் கழித்து இன்னொரு ரயில், இன்னொரு பெட்டி. மனசில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

“காத்துப் பட்டாலே கறுக்கிற உலோகம் எதுக்கு மேடம்? தங்கத்துல போட்டிருந்தா இந்த வம்பே இல்லையே.”

ஆசிரியை இழுப்பறையைத் துழாவி ஒரு தகட்டை எடுத்தார். ஆறு வருஷத்துக்கு முன் பூசிய தங்கம். அதே கோடுகள், அதே வளைவு. மூடியில்லாமல் கிளிப்புகளோடும் பேனா மூடிகளோடும் கிடந்தது. கைக்குட்டையால் தூசியைத் தட்டி நுண்ணோக்கியில் ஏற்றி, லேசரைப் போட்டார்.

“பாருங்க.”

தணிகாசலம் குனிந்தார். தாலியில் கோத்த காசு மாதிரி மின்னியது. ஒரு கறை இல்லை. முதல் கோட்டில் ஒளி ஏறியது. வளைவுக்குப் பாதி வழியிலேயே தங்கம் அதை உறிஞ்ச, சோர்ந்து, சூடாகிப் படுத்துவிட்டது. கடைசிக் கோட்டில் ஒன்றுமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார். ஒன்றுமில்லை.

அவர் நிமிர்ந்தபோது ஆசிரியை புதுத் தகட்டுக்கான படிவத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தார். தணிகாசலத்தின் பெயரை அடித்தாயிற்று, கோட்டு அளவுகளையும் அடித்தாயிற்று.

“உலோகம்னு ஒரு கட்டம் இருக்கு சார்.”

தணிகாசலம் மேஜையில் கிடந்த கறுத்த தகட்டைப் பார்த்தார்.

“மறுபடியும் கறுத்துடுமே, மேடம்.”

“கறுக்கும்,” என்றார் ஆசிரியை. “என்ன எழுத, சொல்லுங்க.”