பல்லவியிலேயே நின்ற பாட்டு

தூத்துக்குடியில் பெலிக்ஸ் மோத்தா என்றொரு பல் டாக்டர். கைராசிக்காரர். பல்லைப் பிடுங்கியதே தெரியவில்லை என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஐம்பதை நெருங்கும்போது பேஸ் கிட்டார் மேல் பைத்தியம் பிடித்தது. பிடித்த பைத்தியம் சும்மா விடுமா? சனி, ஞாயிறு வந்தால் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, சுடலைமணி அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவோடு வேனில் ஏறிவிடுவார். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, எதுவானாலும் சரி. மேடையின் பின்பக்கம், டிரம்ஸுக்குப் பக்கத்தில், நாலு கம்பி கட்டிய அந்தப் பெரிய கிட்டாரோடு நிற்பார்.

கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பார். மூடியதும் மண்டபம், விளக்கு, பிரியாணி வாசனை எல்லாம் எங்கேயோ போய்விடும். தண்ணீருக்கு அடியில் நிற்கிற மாதிரி இருக்கும். மேலே பாட்டு மிதந்துகொண்டு போகும், கீழே அவருடைய சத்தம் நெஞ்சுக்குள் கும்மென்று உருளும். அந்தச் சுகத்துக்காகத்தான் வாரம் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

குழுவில் அவருக்கிருந்த அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

ஒரு வரவேற்பில் பெண்ணுக்குத் தாய்மாமன் பாட வந்தார். இப்படி யாராவது ஒருத்தர் மேடை ஏறுவது வழக்கம்தான், மைக்கைக் கொடுக்காமல் இருக்க முடியாது. குளியலறையில் பாடிப் பழகியவர்கள் செய்கிற தப்பையே அவரும் செய்தார். பல்லவி முடிந்ததும், நடுவில் வருகிற இசைக்குக் காத்திருக்காமல், நேரே சரணத்துக்குத் தாவிவிட்டார். கீபோர்டு வில்சனுக்குக் கை ஓடவில்லை. டிரம்ஸ் முத்துக்குட்டி டாக்டரைப் பார்த்தான்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அந்த நடு இசையை அணுப் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தார். முத்துக்குட்டியும் அவரோடு போனான். மாமன் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அவர் திரும்பித் திரும்பிக் குழுவைப் பார்த்தார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாவம், மனுஷன் பாதியிலேயே மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். கல்யாண வீட்டிலிருந்தே போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

வேனில் அண்ணாச்சி கொதித்தார். “என்னவே டாக்டரே, வந்தவரு பாட வந்தாரா, பல்லு புடுங்க வந்தாரா?”

“நான் சரியாத்தான் வாசிச்சேன் அண்ணாச்சி. அவருதான் தாவிட்டாரு.”

“நீரு சரியா வாசிச்சதுக்குப் பொண்ணு வீட்டுக்காரன் என் சட்டையப் பிடிக்கான். வார ஞாயித்துக்கெழம கச்சேரிதான் உமக்குக் கடைசி. அதுக்குப் பிறகு வில்சன் எடது கையிலயே பேஸ் வாசிச்சிருவான். அந்தப் பொட்டிக்குள்ள எல்லாம் இருக்குவே.”

அண்ணாச்சி சும்மா மிரட்டவில்லை. ஊரில் நிறையக் குழுக்கள் அப்படித்தான் செய்துவிட்டன. கீபோர்டின் இடது கை, பேஸ்காரர்களை ஒவ்வொருத்தராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஸ்டெல்லா கொரைராவைத் தேடிப் போனார். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் ஃபேக்டரி. அதன் மாடியில் ஸ்டெல்லா கிட்டார் சொல்லிக்கொடுத்துவந்தாள். வயதில் டாக்டரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே? செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் அவர் உள்ளே போவார்.

கீழே ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த உறுமல் தரை வழியாக ஏறி உள்ளங்காலில் குறுகுறுத்தது.

டாக்டர் கல்யாண வீட்டில் நடந்ததைச் சொன்னார். “டீச்சர், நான் செஞ்சது தப்பா?”

“வாசிச்சுக் காட்டுங்க.”

வாசித்துக் காட்டினார். ஸ்டெல்லா கடைசி வரை கேட்டாள்.

“ஒரு தப்பும் இல்ல.”

“பிறகு ஏன் பாட்டு விழுந்துச்சு?”

“நான் பாடுதேன், நீங்க வாசிங்க,” என்றாள்.

ஒரு பழைய படகுப் பாட்டை எடுத்தாள். டாக்டர் கண்ணை மூடினார். பல்லவி முடிந்தது. அவர் நடு இசைக்குள் போனார், அவளோ சரணத்துக்குள் போய்விட்டாள்.

“டீச்சர், தாவிட்டீங்க.”

“அப்படியா?” என்று மறுபடி முதலிலிருந்து பாடினாள். இந்தத் தடவை ஒரு வரியை ரெண்டு தடவை பாடினாள்.

“டீச்சர், அந்த வரி ஒரு தடவதான்.”

“சரி,” என்று மறுபடி பாடினாள். இப்போது நடுவில் நிறுத்தி, ஜன்னல் வழியே ஒரு படகு கரைக்கு வருவதை வேடிக்கை பார்த்தாள். அப்புறம் சாவகாசமாக விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. “விளையாடுதீங்களா டீச்சர்?”

“இல்லியே. பாடுதேன்.”

“நீங்க எங்க போவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ஸ்டெல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“பல்லு எடுக்கும் முன்னால ஊசி போடுதீங்கல்ல? அப்ப எதப் பாப்பீங்க?”

“ஈறத்தான். ஆனா தோளு மேலயும் ஒரு கண்ணு இருக்கும். ஊசி படுறதுக்கு முன்னாலயே தோள் ஏறிரும், மூச்சப் பிடிச்சுக்கிடுவாங்க. அப்ப நான் கைய நிறுத்திருவேன்.”

“மூச்சு விட்ட பிறகு?”

“பிறகு மெதுவா போவேன்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

டாக்டர் சிரித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுகிற டாக்டரிடம் யார் வருவார்கள்? சிரித்து முடித்த பிறகுதான் அவருக்குச் சுருக்கென்றது.

ஸ்டெல்லா எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்று பாடினாள். டாக்டர் அவளுடைய தோளைப் பார்த்தார். தோள் ஏறினால் காத்தார். இறங்கினால் போனார். அவள் ஒரு சொல்லை நீட்டினால் அவர் விரலும் அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் எது பல்லவி, எது சரணம் என்பதெல்லாம் கரைந்துபோயிற்று. உப்புக்காற்று வந்து தாள்களைப் புரட்டியது. பாட்டு எங்கே முடிகிறது, ஐஸ் மெஷின் சத்தம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி டாக்டர் அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். வெயில் எப்போது இறங்கியதோ, அவர் கவனிக்கவே இல்லை.

நிறுத்தியபோது அவருக்குக் கண்ணெல்லாம் நனைந்திருந்தது.

“இப்ப நாம வாசிச்சது எந்தப் பாட்டு டீச்சர்?”

“தெரியல. நல்லா இருந்துச்சுல்ல?”

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அண்ணாச்சி முன்னால இப்படி வாசிச்சா, இருக்கிற இடமும் போயிருமே?”

ஸ்டெல்லா கிட்டாரை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, அவர் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த தவசிமுத்து என்பவருக்குப் பணி ஓய்வு விழா. கூட வேலை பார்த்தவர்கள் காசு போட்டு மண்டபம் பிடித்து, கச்சேரியும் வைத்திருந்தார்கள். மேடை ஏறும்போதே அண்ணாச்சி சொல்லிவிட்டார்: “இன்னைக்காவது பாட்டு பாட்டா இருக்கணும்வே.” டாக்டர் தலையாட்டினார்.

பாதிக் கச்சேரியில் கூட்டத்துக்குக் குஷி பிறந்துவிட்டது. “அக்கா பாடட்டும், அக்கா பாடட்டும்!” என்று தவசிமுத்துவின் சம்சாரம் செல்லக்கனியைப் பிடித்து மேடையில் தள்ளிவிட்டார்கள். அந்தம்மா ஜென்மத்தில் மைக்கைப் பிடித்ததில்லை. சேலை முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு, “வேண்டாம்யா, எனக்குத் தெரியாதுய்யா” என்று சொல்லச் சொல்ல மைக் கைக்கு வந்துவிட்டது. கீழே முன்வரிசையில் தவசிமுத்து வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பழைய சினிமாப் பாட்டைத் தொடங்கினார். குரல் சின்னதுதான், ஆனால் பிசிறில்லை. பல்லவி முடிந்தது. வில்சன் நடு இசைக்கு விரலைத் தூக்கினான்.

டாக்டர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். செல்லக்கனியின் தோள் ஏறி, ஊசிக்குப் பயந்தவர் தோள் மாதிரி அப்படியே நிற்பதைப் பார்த்தார். சரணத்துக்கா? இல்லை. அந்தம்மாவுக்குச் சரணமே தெரியாது! தெரிந்தது பல்லவி மட்டும்தான். அதை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வார்?

மேடை ஓரத்திலிருந்து அண்ணாச்சி முறைத்துக்கொண்டிருந்தார். பாட்டுப்படி போனால் டாக்டருக்கு ஒரு பழியும் இல்லை. அவருடைய விரல் அந்தப் பக்கம் கிளம்பியும்விட்டது. அந்தம்மாவின் தோள் இறங்கி, அதே பல்லவி மறுபடி தொடங்கியது. டாக்டர் விரலைத் திருப்பிக்கொண்டு பல்லவிக்கே வந்தார்.

முத்துக்குட்டி அவரோடு வந்தான். வில்சன் ஒரு கணம் கையை எடுத்துவிட்டு, டாக்டரின் விரலைப் பார்த்து மெல்ல மறுபடி வைத்தான்.

பல்லவி மறுபடி முடிந்தது. மறுபடி தோள் ஏறியது. மறுபடி அதே பல்லவி, இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. டாக்டரும் மெதுவானார். அப்புறம் இன்னும் ஒரு தடவை. அந்தம்மாவின் கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை. கூட்டத்தை மறந்துவிட்டு, வீட்டு அடுக்களையில் நின்று பாடுகிற மாதிரி, புருஷனைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். மண்டபம் முழுக்கக் கரையில் கட்டிய தோணி மாதிரி லேசாக ஆடியது. குழந்தைகள் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தவசிமுத்து நிமிர்ந்து பார்த்தார். அவர் உதடும் அசைந்தது.

போதும், முடி என்று அண்ணாச்சி கையை வெட்டிக் காட்டினார். டாக்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, செல்லக்கனியின் தோளுக்கே கண்ணைத் திருப்பிக்கொண்டார். இடம் போனால் போகட்டும் என்று நினைத்தார். விரல் நிற்கவில்லை.

கடைசியில் ஒரு தடவை பல்லவி முடிந்தபோது தோள் ஏறவில்லை. டாக்டர் அந்த ஒரு சுரத்தை மட்டும் கம்பியில் விட்டுவைத்தார். அது தானாக ஓயும்வரை மண்டபத்தில் ஒரு பேச்சில்லை. அப்புறம் எழுந்த கைதட்டலில் கூரை போய்விடும் போல இருந்தது.

விருந்து நடக்கும்போது செல்லக்கனி மேடைக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. “அந்தப் பொட்டியில என்னமா வாசிச்சீங்க தம்பி!” என்று வில்சனுக்குத் திருஷ்டி கழித்தார். முத்துக்குட்டியின் கன்னத்தைத் தட்டினார். பிறகு டாக்டரிடம் வந்தார்.

“நீங்க ஏன் சார் சும்மாவே நின்னீங்க? அடுத்த மட்டம் நீங்களும் வாசிக்கணும், என்ன?”

டாக்டர் அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தார்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி கேட்டார்: “என்ன பாட்டுவே அது? சரணமே வரல?”

வில்சன் குறுக்கே வந்தான். “அண்ணாச்சி, நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல. டாக்டரோட வெரலப் பாத்துத்தான் கரை ஏறினேன். எடது கையெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது.”

அண்ணாச்சி வயரைச் சுற்றி முடித்தார். பெட்டியில் போட்டார். “வார சனிக்கெழம கோவில்பட்டி,” என்றார், டாக்டர் முகத்தைப் பார்க்காமலேயே. “வேன் நாலு மணிக்கு. பல்லு கில்லுன்னு லேட்டாக்கினீரு, விட்டுட்டுப் போயிருவேன்.”

மறுநாள் டாக்டர் ஐஸ் ஃபேக்டரி மாடி ஏறினார்.

“இடம் தங்கிருச்சு டீச்சர்.”

“சந்தோசம். பிறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

டாக்டர் நடந்ததையெல்லாம் சொன்னார். அந்தம்மா கேட்ட கேள்வியையும் சொன்னார். “எனக்கு வெக்கமாத்தான் இருக்கு டீச்சர், இருந்தாலும் சொல்லுதேன். மத்த எல்லாருக்கும் நன்றி சொன்னாங்க. நான் ஒருத்தன் வாசிச்சதே அவங்களுக்குக் கேக்கல.”

ஸ்டெல்லா கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பாடும்போது அந்தம்மா எங்க பாத்தாங்க?”

“அவங்க வீட்டுக்காரர.”

“வரி தெரியாம நின்னாங்களே, அப்ப உங்களத் திரும்பிப் பாத்தாங்களா?”

“அப்பவும் அவரத்தான். கடைசி வர ஒரு தடவகூட எங்க பக்கம் திரும்பல.”

ஸ்டெல்லா துடைப்பதை நிறுத்தினாள்.

“அப்ப நீங்க வாசிச்சது அவங்களுக்குக் கேட்டிருக்கு, டாக்டர்.”