கிளி எடுத்துக் கொடுத்த பெயர்

கோரைப்புல் அடர்ந்த ஒரு குளத்தில் தாழை என்ற கானாங்கோழி ஐந்து முட்டைகள் இட்டாள். நான்கைச் சாரைப்பாம்பு குடித்துவிட்டது. மிஞ்சிய ஒன்று பொரிந்து, கரித்துண்டு போல ஒரு பெண் குஞ்சு வெளியே வந்தது. நான்கைப் பறிகொடுத்தவளுக்கு இந்த ஒன்றுதான் உலகம். தாழை அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் பெயர் வைப்பார்கள். அப்பன் குஞ்சின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வான். பிறகு குளத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். குஞ்சு ஒவ்வொரு குரலுக்கும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இது வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். குளத்துக்கு மேலே பகல் முழுக்கப் பருந்து ஒன்று வட்டமடித்துக்கொண்டிருக்கும். "பருந்து, பருந்து" என்று பொதுவாகக் கத்தினால் குஞ்சுகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. தினமும் நூறு முறை கேட்கிற கத்தல்தானே. அதனால் பருந்து யார் கண்ணில் முதலில் படுகிறதோ, அவர் குஞ்சைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தன் பெயரைக் கேட்டதும் குஞ்சு திரும்பும். பருந்தைப் பார்க்கும். சட்டென்று தண்ணீரில் முங்கிவிடும். அந்தக் குளத்தில் பிழைத்து வளர்ந்தவர்கள் எல்லாம் அப்படிப் பிழைத்தவர்கள்தான். பூவி, மொட்டு, கனி என்று அங்கே எல்லாப் பெயரும் சின்னச் சின்னதாக இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

"அல்லி இலைக்குப் பக்கத்துல பொரிஞ்சவ. அல்லின்னே வச்சிடலாங்க" என்றாள் தாழை.

அவள் புருஷன் வெள்ளையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவனுக்கு ஒரு பழைய காயம் உண்டு. ஒருமுறை குளத்துக்குத் தண்ணீர் குடிக்க ஒரு வண்டிமாடு வந்தது. மாட்டுக்காரன், "டேய் வெள்ளையா, இங்க வா" என்று கூப்பிட்டான். மாடும் திரும்பியது, இவனும் திரும்பினான். குளமே வயிறு வலிக்கச் சிரித்தது. அன்றிலிருந்து சாதாரணப் பெயர் என்றாலே அவனுக்கு எட்டிக்காய்.

"மாட்டுக்கு வைக்கிற பேரு எனக்கு. பூவுக்கு வைக்கிற பேரு என் பொண்ணுக்கா? இந்தக் குளத்துல யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும்" என்றான்.

குளக்கரைப் பனைமரத்தில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. ஜோசியக்காரன் கூண்டிலிருந்து தப்பி வந்த கிளி. கூண்டு போய்விட்டது, சீட்டு எடுக்கிற பழக்கம் போகவில்லை. காய்ந்த ஓலைத் துண்டுகளை வரிசையாக அடுக்கி, ஊர்ப் பறவைகளுக்கெல்லாம் பலன் சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளையன் நேரே அதனிடம் போனான்.

கிளி இரண்டு அடி முன்னால் வந்தது, ஒரு அடி பின்னால் போனது, ஒரு ஓலையை இழுத்துப் போட்டது.

"ஹ்ருத்விக்ஷிதா" என்றது.

"ஆகா! என்ன அர்த்தம் ஜோசியரே?"

"அர்த்தம் கேட்டா பேரோட மதிப்பு குறைஞ்சிடும்."

வெள்ளையன் உடனே ஒப்புக்கொண்டான்.

ஏழாம் நாள் குளமே கூடியது. தவளை வாயைத் திறந்து, "ருத்து... ருத்து..." என்று அங்கேயே நின்றுவிட்டது. மீன்கொத்தி, "கிச்சித்தா" என்றது. ஆமை மெதுவாகத் தொடங்கி, பாதியில் கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. குஞ்சுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாக் குரலுக்கும் ஆசையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"தப்பு! தப்பு!" என்று வெள்ளையன் ஒவ்வொருவரையும் கொத்தப் போனான்.

"அண்ணே, எங்க வாய்க்கு வர்ற மாதிரி கூப்பிட்டுட்டுப் போறோமே. புள்ளைக்கு நாங்களும் காவல்தானே?" என்றது தவளை.

"உங்க வாய்க்கு ஏத்த மாதிரி என் பொண்ணு பேரைக் குட்டிச்சுவர் ஆக்கணுமா?" என்றான் வெள்ளையன். பிறகு குஞ்சைப் பக்கத்தில் அழைத்துச் சொன்னான்: "கண்ணு, தப்பாக் கூப்பிட்டா நீ திரும்பவே கூடாது. ஒரு தடவை திரும்பிட்டா அதுவே உன் பேராயிடும். புரியுதா?"

குஞ்சு தலையாட்டியது. நல்ல குஞ்சு. சொன்ன பேச்சைத் தட்டாத குஞ்சு.

தாழைக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாள். தினமும் விடிந்ததும் கோரைக்குள் தனியாக நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினாள். பத்து நாளில் நாக்கு வளைந்துவிட்டது. நிதானமாக, மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னால் சரியாக வந்தது. யாரும் இல்லாதபோது மட்டும் குஞ்சின் தலையைக் கோதி, "அல்லி, என் அல்லி" என்பாள். குஞ்சு அவள் சிறகுக்குள் புதைந்துகொள்ளும். ஒருநாள் வெள்ளையன் அதைக் கேட்டுவிட்டான். அன்றைக்கு வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் விடுவதே நல்லது. அதற்குப் பிறகு தாழை அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

குளத்தில் மற்றவர்களும் சொல்லிப் பார்த்துச் சலித்துப் போனார்கள். வாய் தவறினால் கொத்து, எதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். விளையாட்டுக்குக்கூடக் குஞ்சை யாரும் கூப்பிடுவதில்லை.

ஒரு மாலை குஞ்சு பெருமையாக வந்து நின்றது. "அப்பா, இன்னிக்கு மீன்கொத்தி மாமா மூணு தடவை தப்பாக் கூப்பிட்டாரு. நான் திரும்பவே இல்ல."

"என் தங்கம்" என்றான் வெள்ளையன்.

மறுநாள் நல்ல வெயில். வெள்ளையன் இரை தேடித் தூரத்து வயலுக்குப் போயிருந்தான். குஞ்சு குளத்தின் நடுவில் ஒரு அல்லி இலைமேல் நின்று பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகுப் பக்கமாகப் பருந்து இறங்கியது.

முதலில் பார்த்தது தவளை. வாங்கிய கொத்தெல்லாம் அதற்கு மறந்துபோனது. "ருத்து! ஏ ருத்து!" என்று தொண்டை கிழியக் கத்தியது. மீன்கொத்தி, "கிச்சித்தா! கிச்சித்தா!" என்று அலறிக்கொண்டு பறந்தது. ஆமைகூட ஏதோ ஒன்றைச் சொல்லிக் கூவியது.

குஞ்சின் காதில் எல்லாம் விழுந்தது. இவர்களுக்கு என் பெயர் வராது என்று அது பூச்சியைப் பார்த்தது.

கரையில் இருந்த தாழை நிமிர்ந்தாள். பருந்தைப் பார்த்தாள். தினமும் பழகிய பெயர்தான். நேற்றுக்கூடச் சரியாக வந்த பெயர்தான். ஆனால் நேற்று மூச்சை இழுத்துப் பிடித்து நிதானமாகச் சொன்னாள், இன்று குஞ்சின் முதுகுக்கு மேல் பருந்து.

"ஹ்ரு... ருத்தி... ஹ்ரு..."

தண்ணீரில் விழுந்து அடித்துக்கொண்டு நீந்தினாள். பெயரை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் உடைந்தது. அப்போதுதான் அந்தப் பழைய பெயர் தானாக வாயில் வந்தது.

"அல்லி! அம்மா அல்லி!"

குஞ்சின் கழுத்து லேசாக அசைந்தது. பாதி திரும்பியது. பிறகு அப்பா சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கழுத்தை நேராக்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

பருந்துக்கு அந்த நேரமே தாராளம்.

தாழை போய்ச் சேர்ந்தபோது இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அந்த இலைமேல் ஏறி நின்றாள். அவள் கனத்தில் இலை தண்ணீருக்குள் அமிழ்ந்தது. அப்படியே நின்றாள்.

வெள்ளையன் அலகில் ஒரு கொழுத்த புழுவோடு திரும்பி வந்தான். தாழையின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். புழுவைக் கீழே போட்டான். குளத்தைச் சுற்றி ஓடி ஓடி, "ஹ்ருத்விக்ஷிதா! ஹ்ருத்விக்ஷிதா!" என்று கூப்பிட்டான். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. பொழுது சாயும்வரை கூப்பிட்டான்.

"சரியாத்தான் கூப்பிடுறீங்க" என்றாள் தாழை.

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு மைனா ஜோடி, பிறந்த பெண் குஞ்சுக்குப் பெயர் கேட்டுப் பனைமரத்துக்குப் போனது. தாழை கரையில் வழி மறித்து எல்லாவற்றையும் சொன்னாள். மைனாக்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டன. "உங்களுக்கு நாக்கு வரலை. எங்களுக்கு அதெல்லாம் நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு மரத்தில் ஏறின.

கிளி இரண்டு அடி முன்னால் வந்தது, ஒரு அடி பின்னால் போனது. "உங்க அதிர்ஷ்டம், அருமையான பேரு ஒண்ணு இப்பத்தான் காலியாச்சு" என்று ஓலையை இழுத்துப் போட்டது.

பெயர் கூப்பிடுவதற்குத்தான், பதறும் தாயின் வாயில் உடைந்துபோகிற பெயரைப் பிள்ளைக்கு வைக்காதீர்கள்.